சாயங்காலத்தில் வாங்க வேண்டிய ஷூ

செந்துறை
16-7-2025

மாப்ள வீரமணிக்கு, சாமிதுரை எழுதுவது.

நான் கடைசியாகக் கடிதம் எழுதியது பத்தாம் வகுப்புப் பரீட்சையில், மார்க்குக்காக. அதையும் உன்னைப் பார்த்துத்தான் எழுதினேன். நீ இருக்கும் இடத்தில் போன் கூடாது, வெளியே வரும்வரை கடிதம் மட்டும்தான் உள்ளே போகும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். போஸ்டாபீசில் போய்க் கவர் கேட்டேன். அங்கே இருந்த அம்மா என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "வேலைக்கு அப்ளிகேஷனா சார்?" என்று கேட்டார். முப்பத்தொன்பது வயதில் கல்யாணத்துக்கே இப்போதுதான் அப்ளிகேஷன் போட்டிருக்கிறேன், வேலைக்கு வேறு போடுவேனா?

சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறேன். நான் செய்தது ஏமாற்று வேலைதான். "கல்யாணத்துக்கு ஷூ வாங்கணும் மாப்ள, திருச்சி வரைக்கும் வா, நீ பாத்து எடுத்துக் குடுத்தாத்தான் சரியா இருக்கும்" என்று உன்னைக் கூப்பிட்டேன். நீயும் குளித்து, அந்த வெளிர்நீலச் சட்டையை இஸ்திரி போட்டு, செண்ட் அடித்துக்கொண்டு காரில் ஏறினாய். கீழப்பழுவூரில் திருச்சிக்கு வலது பக்கம் திரும்ப வேண்டிய வண்டி நேராகப் போனதும் "வழி மாறுதுடா" என்றாய். டீசல் போடணும் என்று இன்னொரு பொய் சொன்னேன். திருமழபாடி தாண்டிக் கொள்ளிடக் கரையில் அந்தக் குடி மறுவாழ்வு மையத்தின் கேட்டில் வண்டி நின்றது. உன் பெல்ட்டையும் ஷூ லேஸையும் உருவி ஒரு கவரில் போட்டு என் கையில் கொடுத்தார்கள். அப்போது ஒரு பார்வை பார்த்தாய் பார். நாலு நாளாக எனக்குச் சோறு இறங்கவில்லை.

அந்தக் கவரை அரும்பாவூரில் மலர்க்கொடியின் அம்மா வீட்டுக்குப் போய் அவளிடம் கொடுத்துவிட்டேன். உன் பெண்சாதி அவள். அவளிடம் இருப்பதுதான் முறை என்று பட்டது. வாங்கி முந்தானைக்குள் வைத்துக்கொண்டாள். 

திட்டியாவது ஒரு வரி எழுது. அப்புறம், ஷூ இன்னும் வாங்கவில்லை. கோட்டு அடர்நீலம். ஷூ கருப்பா, பிரவுனா? நிஜமாகவே கேட்கிறேன்.

உன்
சாமிதுரை

*

கொள்ளிடக் கரை
21-7-2025

மேன்மை தங்கிய துரை அவர்கள் சமூகத்துக்கு,

எழுத்து கோணிக்கொண்டு போகிறது என்று சிரிக்காதே. கை இன்னும் நடுங்குகிறது. இந்த ஒரு பக்கத்தை எழுத இரண்டு நாள் ஆகியிருக்கிறது.

நீ என்னை ஏமாற்றியதுகூடப் பெரிதில்லை. எதைச் சொல்லி ஏமாற்றினாய் பார், அதுதான் ஆறவில்லை. கடையை விட்டு நிறுத்திய பிறகு இரண்டு வருஷமாக ஒருத்தன்கூட என்னிடம் வந்து "இந்தச் சட்டை எனக்கு நல்லா இருக்கா" என்று கேட்டதில்லை. நீ கேட்டாய். அன்று காலை நான் ஒரு சொட்டு குடிக்கவில்லை, தெரியுமா உனக்கு? ஷூ எடுக்கப் போகிற இடத்தில் வாடை அடிக்கக் கூடாது என்று. அப்படி வந்தவனைக் கொண்டுபோய் கேட்டில் தள்ளினாய்.

பெரம்பலூர் ஜவுளிக்கடையில் பதினான்கு வருஷம் ஊருக்கே பேன்ட்டும் ஷூவும் எடுத்துக் கொடுத்தவன் நான். ஆள் படியேறி வரும்போதே இடுப்பு முப்பத்துநாலு, தோள் நாற்பத்திரண்டு என்று கண்ணாலேயே சொல்லிவிடுவேன். அந்த நான் இன்று இடது கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வலது கையால் கஞ்சி குடிக்கிறேன். பெல்ட் கொடுக்க மாட்டார்களாம். லேஸ் இல்லாத ஷூவில் வாத்து மாதிரி நடக்கிறேன். நீ நல்லா இருப்பியா?

ஷூ விஷயம். இது உனக்காக இல்லை, உன்னைக் கட்டிக்கொள்ளச் சம்மதித்த அந்தப் புண்ணியவதி வெற்றிச்செல்விக்காக.

கருப்பு. பெல்ட்டும் கருப்பு. முனை கூராக நீண்டுகொண்டு போகிற ஷூவைக் காட்டுவான், தொடாதே. உன் விரல்கள் அகலம். கோட்டுக்கு லேஸ் ஷூதான் அழகு. லேஸே வேண்டாம் என்று எழுதிவிடலாமா என்று பார்த்தேன். என் கோபத்தை உன் கல்யாணக் காலில் காட்டுவது தொழிலுக்குத் துரோகம்.

முக்கியமான விஷயம், ஷூவைக் காலையில் வாங்கவே வாங்காதே. தூங்கி எழுந்த கால் சிறுத்திருக்கும். நாள் முழுக்க நின்று நடந்து சாயங்காலம் ஆனால்தான் அது தன் நிஜ அளவுக்கு வரும். காலையில் ஆசையாக வாங்கிப் போகிறவன்தான் மறுநாள் கடிக்குது என்று கடையில் வந்து சண்டை போடுவான். நீ காலை ஒன்பது மணிக்கு ஷூ வாங்கக் கூப்பிட்டாய். அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். புத்தி மழுங்கிவிட்டது, வரவில்லை.

மெல்லிய சாக்ஸ் போட்டு, வெள்ளைத் தாளில் இரண்டு காலையும் வைத்து, எழுந்து நின்று பென்சிலால் வரைந்து அனுப்பு.

கோபம் தீரவில்லை என்பதைத் தெரிந்துகொள்.

வீரமணி

*

செந்துறை
26-7-2025

மாப்ள,

உன் கடிதத்தை சிமெண்ட் பேக்டரிக்கு எடுத்துப்போய் சாப்பாட்டு நேரத்தில் மூன்று தடவை படித்தேன். திட்டு வாங்கியதும்தான் பசித்தது.

கால் படம் இத்துடன் இருக்கிறது. காலை ஏழரை மணிக்கு வரைந்தது. உடனே குதிக்காதே. எனக்கு இந்த வாரம் நைட் ஷிப்ட். எட்டு மணி நேரம் கல் உடைக்கிற கிரஷர் பக்கத்தில் நின்றுவிட்டு வீட்டுக்கு வந்தால் காலை ஏழு மணிதான் எனக்குச் சாயங்காலம். இடது கால் பெரிதாக இருப்பது பென்சில் வழுக்கியதால் இல்லை, நிஜமாகவே அப்படித்தான் இருக்கிறது.

தேதி முடிவாகிவிட்டது. ஆவணி பதின்மூன்று, ஆகஸ்ட் 29 வெள்ளிக்கிழமை முகூர்த்தம், முந்தின நாள் சாயங்காலம் ரிசப்ஷன், அரியலூரில் மண்டபம். திருமழபாடியில் நந்தி கல்யாணம் பார்த்தால் நமக்கும் முந்திக் கல்யாணம் என்பார்களே, அதை மூன்று வருஷம் வரிசையாக நின்று பார்த்தேன், நந்தி ஒருவழியாக என் மனுவைப் படித்துவிட்டது. உன்னை அதே ஊர்ப் பக்கம் கொண்டுவந்து விட்டதும் ஒரு நம்பிக்கையில்தான்.

உனக்கு அங்கே நாற்பத்தைந்து நாள் கணக்கு என்றார் டாக்டர். ஆகஸ்ட் 26-ம் தேதி முடிகிறது. இரண்டு நாள் கழித்து ரிசப்ஷன். மேடையில் என் பக்கத்தில் தோழனாக நீதான் நிற்க வேண்டும். வேறு யாரையும் நான் யோசிக்கவில்லை.

சில சந்தேகங்கள். முகூர்த்தத்துக்கு எட்டு முழ வேட்டி எடுத்திருக்கிறார்கள். எனக்குக் கைலி தவிர எதுவும் இடுப்பில் நிற்காது என்று உனக்குத் தெரியும். ஒட்டிக்கோ வேட்டி கட்டினால் கேவலமா? கோட்டு வாடகைக்கு எடுக்கலாமா, தைக்கலாமா?

இன்னொன்று. வெற்றிச்செல்வியின் தம்பி பழனிவேல் போன் செய்தான். ரிசப்ஷன் அன்று மண்டபத்துக்குப் பின்னால் வழக்கம்போல வண்டியை நிறுத்தி எல்லோருக்கும் 'கவனிக்க' வேண்டுமாம். "மாமா, உங்க பக்கம் கலக்குறதுக்கு ஒரு ஆளு இருப்பாருல்ல, நிச்சயதார்த்தத்துல கலக்குனாரே, அவரையே போட்டுருங்க" என்றான். நீ வந்தவுடன் கலக்க வேண்டாம், அது எனக்குத் தெரியும். ஆனால் நூறு பேருக்கு எத்தனை பாட்டில், பிராந்திக்கு எந்த சோடா, எது எதனோடு சேரும் என்று எழுதி அனுப்பினால் வேறு ஒருத்தனை வைத்துச் சமாளித்துக்கொள்வேன். உன் கைப்பக்குவம் வேறு யாருக்கும் வராது.

நிச்சயதார்த்தத்தில் நடந்ததை நான் மனதில் வைத்துக்கொள்ளவில்லை. நீ மேடையேறி வந்து சீர்த்தட்டின் மேல் விழுந்தாய், பழமெல்லாம் உருண்டது, அவ்வளவுதான். பழனிவேல் அதைப் போனில் எடுத்ததைத்தான் தாங்க முடியவில்லை.

சாமிதுரை

*

கொள்ளிடக் கரை
2-8-2025

சாமி,

இந்தத் தடவை எழுத்து நேராக இருக்கிறது, பார்த்தாயா? நடுக்கம் நின்றுவிட்டது. டீ கிளாசை இரண்டு கையால் பிடிக்க வேண்டியதில்லை.

முதலில் உன் கேள்விகள். ஒட்டிக்கோ வேட்டியைக் கட்டு. கடையில் இருந்தபோது அதைக் கேட்டு வருகிறவனை ஓரக்கண்ணால் கேலி செய்திருக்கிறேன். தாலி கட்டுகிற நேரத்தில் வேட்டியைப் பிடிப்பதா, மஞ்சள் கயிற்றைப் பிடிப்பதா என்று முழிப்பதைவிட அது எவ்வளவோ மேல். இடுப்பைக் கையால் பிடித்துக்கொண்டு வாழ்வது எப்படியிருக்கும் என்று இப்போது எனக்குத் தெரியும். கோட்டு வாடகை போதும். ஒரே ஒரு விஷயம் பார். தோள் தையல் சரியாக உன் தோள் எலும்பு முடிகிற இடத்தில் நிற்க வேண்டும். கை நீளம், இடுப்பு எல்லாம் டெய்லர் சரிசெய்வான். தோள் தப்பினால் யாராலும் சரிசெய்ய முடியாது. உள்ளே வெள்ளைச் சட்டை. பளபளக்கிற துணி வேண்டாம், லைட் வெளிச்சத்தில் எவர்சில்வர் குடம் மாதிரி தெரிவாய். சட்டைக் கை கோட்டுக்கு வெளியே அரை விரல் தெரியட்டும்.

கால் படம் பார்த்தேன். நைட் ஷிப்ட் சாயங்காலத்தை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பேக்டரி சாக்ஸோடு வரைந்திருக்கிறாய், கோடு இரண்டு இடத்தில் தடித்திருக்கிறது. இடது சுண்டுவிரல் பக்கம் புடைப்பு இருக்கிறது. முனையில் இரும்பு வைத்த அந்தப் பேக்டரி ஷூ உன்னை நசுக்குகிறது. எத்தனை நாளாக நொண்டுகிறாய்? ஒரே ஊரில் இருந்துகொண்டு நான் கவனிக்கவே இல்லை.

இனி மற்றது. பாட்டில் எத்தனை, சோடா எது என்று கேட்டிருக்கிறாய். உனக்குக் கொஞ்சமாவது புத்தி இருக்கிறதா? குடியை விடச் சேர்த்த இடத்துக்கே சரக்குக்கு லிஸ்ட் கேட்டு எழுதுகிறவன் இந்த இரண்டு மாவட்டத்திலும் நீ ஒருத்தன்தான் இருப்பாய். அந்த வரியை ஏழு தடவை படித்தேன். பதில் தெரியாமல் இல்லை. நூறு பேர் என்றதுமே அளவு தானாக மனதில் ஓட ஆரம்பித்துவிட்டது. நாக்கில் ருசியே வந்துவிட்டது. எழுதக்கூட எழுதிவிட்டேன், முழுசாக ஒரு பக்கம். அப்புறம் உன் கடிதத்தையும் என் தாளையும் எடுத்துக்கொண்டுபோய் டாக்டரிடம் கொடுத்துவிட்டேன். அவர் திட்டவில்லை. "குடுத்தீங்கல்ல, அது போதும்" என்றார். உட்கார்ந்து அழுதேன். வெட்கமில்லாமல் உனக்கு எழுதுகிறேன்.

நிச்சயதார்த்தம் பற்றி நீயே ஆரம்பித்ததால் சொல்கிறேன். விழுந்தது எனக்கு நினைவில்லை. என்னை நாற்காலியில் உட்கார வைத்ததும், வெற்றிச்செல்வி தண்ணீர் கொடுத்ததும் நினைவிருக்கிறது. பெண் வீட்டுப் பெரியவர் ஒருத்தர் உன்னிடம் "யாரு தம்பி இவரு?" என்று கேட்டார். கண்ணைத்தான் மூடியிருந்தேன், காது திறந்திருந்தது. "கூட வேலை பாக்குறவரு" என்றாய்.

நான் என்றைக்குடா உன் பேக்டரியில் வேலை பார்த்தேன்?

வீரமணி

*

செந்துறை
8-8-2025

வீரா,

இந்தக் கடிதத்தை நாலு தடவை எழுதிக் கிழித்துவிட்டேன். இதையும் கிழித்தால் போஸ்டாபீஸ் அம்மா சந்தேகப்படுவார்.

நீ கேட்டாய் என்று எனக்குத் தெரியாது. கேட்கவில்லை என்று நினைத்து இரண்டு மாதமாக நிம்மதியாக இருந்தேன். ஆமாம், அப்படித்தான் சொன்னேன். ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவனை, என் அப்பா செத்தபோது கொள்ளிச்சட்டி பிடித்துப் போன எனக்குப் பக்கத்தில் நடந்து வந்தவனை, யாரோ என்று சொன்னேன். பெண் கொடுக்க மாட்டார்களோ என்ற பயம். வேறு காரணம் இல்லை. என்னை மன்னித்துவிடு என்று கேட்கக் கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் கேட்கிறேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். போன கடிதத்தில் நான் செய்த மடத்தனத்தை நினைத்துப் பார்த்தேன். அது ஒரு நாள் மடத்தனம் இல்லை. எந்த விசேஷமாக இருந்தாலும் பாட்டிலை வாங்கிக்கொண்டு வருகிறவன் நான். "வீரமணியைக் கூப்புடு, அவன் ஊத்துனாத்தான் அளவு சரியா இருக்கும்" என்று உன்னை வண்டிக்குப் பின்னால் நிறுத்துகிறவன் நான். எல்லோருக்கும் ஊற்றிவிட்டுக் கடைசியில் பாட்டிலில் மிஞ்சுவது உனக்கு. நாங்கள் எல்லோரும் சட்டையை உதறிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டோம். நீ மட்டும் அந்த வண்டியிலேயே தங்கிவிட்டாய். உன்னைக் கேட்டில் விட்டபோது நான் ஏதோ நல்லது செய்கிறவன் மாதிரி நின்றேன்.

நான் நிறுத்திவிட்டேன். சனிக்கிழமை வழக்கத்தையும் சேர்த்து. பெரிய தியாகம் ஒன்றும் இல்லை, உன் அளவுக்கு எனக்குக் கஷ்டம் கிடையாது.

கல்யாணத்தில் சரக்கு இல்லை என்று பழனிவேலிடம் சொல்லிவிட்டேன். "மாமா, இது கல்யாணமா இல்ல காரியமா? எங்க சைடு ஆளுங்க பாதியில எந்திரிச்சுப் போயிருவாங்க, பாத்துக்கங்க" என்று குதித்தான். வெற்றிச்செல்வி போனைப் பிடுங்கி, "போறவங்க போவட்டும்டா, சாப்பாடு மிச்சம்" என்றாள். ஆனாலும் எனக்கு உதறல் இருக்கிறது. ஆம்பளைகள் கையில் ஏதாவது ஒரு கிளாஸைக் கொடுத்தாக வேண்டும். பாட்டில் கூல்டிரிங்கை ஊற்றிக் கொடுத்தால் சின்னப் பிள்ளை விசேஷமா என்று சிரிப்பார்கள்.

போதை இல்லாமல் ஒரு டிரிங்க் கலக்க முடியுமா உன்னால்? டாக்டரிடம் இந்தக் கடிதத்தை முதலில் காட்டு. அவர் சரி என்றால் மட்டும் யோசி. இல்லையென்றால் மோர் கொடுத்துச் சமாளிக்கிறேன்.

26-ம் தேதி காலையில் வண்டியோடு வருவேன். மேடையில் நிற்க உனக்கும் ஒரு கோட்டு, அதற்கு அளவு நான் கண்ணாலேயே சொல்லிவிட்டேன், தப்பாகத்தான் இருக்கும்.

சாமிதுரை

*

கொள்ளிடக் கரை
17-8-2025

அன்பு சாமிக்கு,

மன்னிப்பு என்ற வார்த்தையை இனி எழுதாதே. மலர்க்கொடியிடம் நான் வாங்க வேண்டிய மன்னிப்பே ஏற்கெனவே பெரிய வரிசையில் நிற்கிறது. நீ பின்னால் வந்து முண்டாதே.

டாக்டரிடம் காட்டினேன். சிரித்துவிட்டு, சுதந்திர தினத்தன்று இங்கே கொடியேற்றியதும் எல்லோருக்கும் நீங்களே கலக்கிக் கொடுங்கள் என்று என்னிடம் சொல்லி, சமையற்காரரைத் துணைக்கு விட்டார். நான்கு நாள் முயற்சி செய்தேன். முதல் நாள் வெறும் சர்பத். இரண்டாம் நாள் இருமல் கஷாயம். மூன்றாம் நாள் சமையற்காரர் ஓடிவிட்டார். நாலாம் நாள் அமைந்தது.

எழுதிக்கொள். ஒரு கிளாஸுக்கு நன்னாரி சர்பத் மூன்று ஸ்பூன். எலுமிச்சம்பழம் பாதி, பிழிந்ததும் கொட்டையை எடுத்துவிடு, கசக்கும். இஞ்சிச் சாறு கால் ஸ்பூன். இதுதான் சூட்சுமம், தொண்டையில் இறங்கும்போது லேசாகச் சுட வேண்டும், நம் ஆட்கள் அதைத்தான் எதிர்பார்க்கிறார்கள். உப்பு ஒரு சிட்டிகை. ஐஸ் இரண்டு துண்டு. கடைசியாகக் குளிர்ந்த சோடா. கிளாஸைச் சாய்த்துப் பிடித்து ஓரமாக ஊற்று, நடுவில் ஊற்றினால் நுரையெல்லாம் போய்விடும். ஸ்பூன் விட்டுக் கலக்காதே. புதினா இலை ஒன்றை உள்ளங்கையில் வைத்து ஒரு தட்டு தட்டி மேலே போடு, கசக்காதே. பிள்ளைகளுக்குப் பன்னீர் சோடா ஊற்றலாம், அப்போது சர்பத்தைக் குறைத்துக்கொள். பேப்பர் கப்பில் கொடுத்தால் என் பெயரைச் சொல்லாதே. கண்ணாடி கிளாஸ், கனமானதாக. அது கையில் கனத்தால்தான் மனுஷனுக்குத் தன்னை மதித்தார்கள் என்று இருக்கும்.

பதினைந்தாம் தேதி முப்பத்திரண்டு பேருக்குக் கொடுத்தேன். எல்லோரும் அந்தக் கிளாஸை வாங்கின விதத்தைப் பார்க்க வேண்டுமே. விரல்களைச் சுற்றி, நெஞ்சுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு, யாரும் உடனே குடிக்கவில்லை. லப்பைக்குடிகாட்டுக்காரர் ஒருத்தர், வளைகுடாவில் பதினொரு வருஷம் இருந்துவிட்டு வந்தவர், ஒரு வாய் குடித்துவிட்டு, "மாஷா அல்லாஹ், இதுக்கு என்னங்க பேரு?" என்று கேட்டார். பேர் வைக்கவில்லை. நானும் ஒரு கிளாஸ் குடித்தேன். கடைசியில் மிஞ்சியதை இல்லை, முதலிலேயே எனக்கென்று எடுத்து வைத்ததை.

இப்போது நீ உட்கார்ந்து படிக்க வேண்டிய விஷயம். நான் கல்யாணத்துக்கு வரவில்லை.

டாக்டர் தடுக்கவில்லை. நாற்பத்தைந்து நாள் முடிந்தால் போகலாம் என்றார். நான்தான் அறுபது நாள் இருக்கிறேன் என்று எழுதிக் கொடுத்தேன். செப்டம்பர் பத்தாம் தேதிதான் வெளியே வருவேன். நீ சரக்கு வைக்க மாட்டாய், தெரியும். ஆனால் நாலு பேர் தங்கள் பைக்கில் கொண்டுவருவார்கள். "மாஸ்டர் வந்துட்டாருடா" என்று தோளில் கை போடுவார்கள். வெளியே வந்த மூன்றாம் நாளில் அந்தக் கையைத் தட்டிவிடும் தெம்பு எனக்கு இருக்கிறதா என்று என்னையே கேட்டுப் பார்த்தேன். இல்லை. இல்லை என்று சொல்ல மட்டும் தெம்பு வந்திருக்கிறது. உன் கல்யாணத்தில் இரண்டாவது தடவை விழுவதைவிட வராமல் இருப்பது நல்லது.

எனக்கு எவ்வளவு வலிக்கிறது என்று எழுதப் போவதில்லை. நீ பிறந்ததிலிருந்து உனக்கு ஒழுங்காக ஒரு சட்டை அமைந்ததில்லை. அமையப் போகிற நாளில் பார்க்க நான் இல்லை.

இதை மலர்க்கொடியிடமும் சொல்லிவிடு. அவளுக்கு நான் இன்னும் எழுதவில்லை. எழுத உட்கார்ந்தால் 'அன்புள்ள' என்பதற்கு மேல் பேனா நகரவில்லை.

வீரமணி

*

செந்துறை
1-9-2025

மாப்ள,

கல்யாணம் முடிந்தது. வேட்டி நின்றது. முதலில் இதைச் சொல்லிவிட்டால்தான் மற்றதை நீ நிதானமாகப் படிப்பாய்.

நீ வரவில்லை என்ற கடிதம் வந்த அன்று உன்மேல் எனக்குக் கோபம் வந்தது. பெரிய ஒழுக்கசீலன் ஆகிவிட்டானா என்று நினைத்தேன். வெற்றிச்செல்வி வாங்கிப் படித்துவிட்டு, "வராம இருக்குறது எவ்வளவு கஷ்டம்னு உங்களுக்குத் தெரியல" என்றாள். நான் அந்தக் கடிதத்தை எடுத்துக்கொண்டு அரும்பாவூருக்குப் போனேன். மலர்க்கொடி நின்றபடியே படித்தாள். அந்த டிரிங்க் பற்றி நீ எழுதிய பக்கத்தை மட்டும் தனியாக எடுத்துக்கொண்டு, மீதியை என்னிடம் திருப்பிக் கொடுத்துவிட்டாள். எதற்கு என்று எனக்குப் புரியவில்லை.

ரிசப்ஷன் அன்று நாலு மணிக்கே மலர்க்கொடி உங்கள் பாப்பாவையும் கூட்டிக்கொண்டு மண்டபத்துக்கு வந்துவிட்டாள். கலக்குவதற்கு நான் ஏற்பாடு செய்திருந்த ஆளைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு மேஜைக்குப் பின்னால் போய் நின்றாள். உன் தாளைச் சுவரில் ஒட்டினாள். ஒவ்வொரு ஜக்குக்கும் அதை ஒரு தடவை படித்தாள். உன் பிராந்தி கிளாஸைக் கழுவ மாட்டேன் என்று வீட்டை விட்டுப் போனவள், மாப்ள. நானூறு கிளாஸ். எலுமிச்சை பிழிந்து பிழிந்து விரலெல்லாம் வெளுத்துப்போயிருந்தது. நடுவில் என்னைக் கூப்பிட்டு, "அண்ணே, ஓரமாத்தானே ஊத்தணும்? நுரை போவல்ல பாருங்க" என்று கேட்டாள்.

பழனிவேல் முறைத்துக்கொண்டேதான் முதல் கிளாஸை வாங்கினான். அப்புறம் இரண்டாவது. மூன்றாவதுக்கு வந்து, "யாருக்கா இத கலந்தது? செமையா இருக்கு" என்றான். மலர்க்கொடி நிமிரக்கூட இல்லை. "எங்க வூட்டுக்காரரு" என்றாள்.

நான் ஆறடி தள்ளி நின்றிருந்தேன். அன்று என்னிடம் கேட்டார்களே, அதே கேள்விதான். எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டாள். மேடைக்குப் போய் நின்றதும் மைக்கை வாங்கினேன். எனக்கு மேடையில் பேச வராது என்று உனக்குத் தெரியும். "நீங்க குடிச்சுக்கிட்டு இருக்கறத கண்டுபிடிச்சவன் என் சிநேகிதன் வீரமணி. ஒன்னாங்கிளாஸ்ல இருந்து சிநேகிதன். நிச்சயதார்த்தத்துல என்கிட்ட யாருன்னு கேட்டாங்க, நான் தப்பாச் சொல்லிட்டேன்" என்று சொல்லிவிட்டு மைக்கைக் கொடுத்துவிட்டேன். பாதிப் பேருக்கு ஒன்றும் புரியவில்லை. பைக்கில் பாட்டில் கொண்டுவந்தவர்களும் நாலைந்து பேர் இருந்தார்கள், நீ சொன்னது சரிதான்.

மலர்க்கொடி ஒன்று சொல்லச் சொன்னாள். ஷூ வாங்கலாம் என்று சொல்லி உன்னை அழைத்துப் போகும் யோசனை என்னுடையது இல்லை, அவளுடையது. "நான் கூப்பிட்டா வரமாட்டாரு. சட்டை, ஷூன்னு யாராச்சும் மதிச்சுக் கேட்டா வந்துருவாருண்ணே" என்றாள் அன்று. உன் கோபத்தில் பாதியை அவளுக்கு மாற்றிக்கொள்.

இன்னும் ஒன்று இருக்கிறது. போட்டோவைப் பார்த்தால் நீ கத்துவாய். கோட்டுத் தோள் கச்சிதம், சட்டைக் கை அரை விரல் வெளியே, எல்லாம் உன் கடிதப்படி. காலில் மட்டும் பேக்டரி ஷூ. பாலிஷ் போட்டிருந்தேன். போட்டோக்காரர் முழங்காலுக்குக் கீழே எடுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார். மாமனார் புது ஷூ வாங்கித் தருகிறேன் என்று கெஞ்சினார். வேண்டாம் என்றேன். வீரமணியைக் கூட்டிக்கொண்டு திருச்சிக்குப் போய் ஷூ வாங்குவதாகச் சொல்லித்தான் ஜூலையில் வீட்டை விட்டுக் கிளம்பினேன். அந்தச் சொல்லைப் பொய்யாகவே விட்டுவிட எனக்கு மனசில்லை.

பத்தாம் தேதி காலை ஒன்பது மணிக்கு கேட்டில் நிற்பேன். அங்கிருந்து நேராகத் திருச்சி.

மலர்க்கொடியும் வருகிறாளா என்று என்னைக் கேட்காதே, அவள் சொல்லவில்லை. கிளம்பும்போது உன் பெல்ட்டும் லேஸும் இருக்கிற கவரைக் கொடுத்தனுப்பு என்று கேட்டேன். "நானே குடுத்துக்கிறேன்" என்றாள்.

சாமிதுரை

*

கொள்ளிடக் கரை
5-9-2025

சாமி,

பேக்டரி ஷூவோடு மேடையேறிய மாப்பிள்ளையைப் பற்றி இங்கே எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். சிரித்து முடித்த பிறகு நான் மட்டும் எழுந்துபோய்க் கொள்ளிடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். 'எங்க வூட்டுக்காரரு' என்ற வரியைக் கிழித்துச் சட்டைப் பையில் வைத்திருக்கிறேன்.

அவளுக்கு நேற்று எழுதிவிட்டேன். இந்தத் தடவை 'அன்புள்ள'வுக்கு மேலே பேனா நகர்ந்தது.

திரும்பவும் காலை ஒன்பது மணி என்கிறாய். உனக்கு எழுதியதெல்லாம் வீணா? சாயங்காலம் நாலு மணிக்கு வா. அதுவரை காலாற நடந்துவிட்டு வா, கால் தன் அளவுக்கு வரட்டும். மெல்லிய சாக்ஸ் எடுத்துக்கொள். இடது சுண்டுவிரலுக்கு இடம் விட்டு நானே அழுத்திப் பார்த்துத்தான் எடுப்பேன்.

பெல்ட்டில் புதிதாக இரண்டு ஓட்டை போட வேண்டியிருக்கும், இளைத்துவிட்டேன். பரவாயில்லை. அந்தக் கவர் அவள் கையாலேயே வரட்டும். அதுவரை இடுப்பைப் பிடித்துக்கொண்டு, லேஸ் இல்லாத ஷூவிலேயே கேட் வரைக்கும் வருகிறேன்.

வண்டியை ஆப் பண்ணி வை. லேஸ் கோத்துக் கட்டக் கொஞ்சம் நேரம் ஆகும்.

வீரமணி